அடைப்பை எடுத்த பிறகு

பிறந்து பத்து நாள்கூட ஆகாத ஆண் குழந்தையைத் தியேட்டருக்குள் கொண்டுபோகிறார்கள். சிறிது நேரத்தில் டாக்டர் வெளியே வந்து, "வால்வைக் கருக்கி எடுத்தாச்சு, யூரின் நல்லா வருது" என்கிறார். வாசலில் காத்திருந்த குடும்பத்துக்கு அப்போதுதான் மூச்சு வருகிறது. வயிற்றைக் கிழிக்கவில்லை, தையல் இல்லை, தழும்பு இல்லை. ஊரிலிருக்கும் சொந்தங்களுக்கெல்லாம் போன் போகிறது: "அடைப்பை எடுத்துட்டாங்க, இனிமே பயமில்லை."

அந்தக் குழந்தைக்கு இருந்தது 'போஸ்டீரியர் யூரித்ரல் வால்வ்'. வார்டில் எல்லோரும் சொல்வது பி.யு.வி. சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீரை வெளியே கொண்டுவரும் குழாயின், அதாவது சிறுநீர்ப்புறவழியின், மேற்பகுதியில் பிறவியிலேயே அமைந்துவிடும் சவ்வு அடைப்பு அது. ஐயாயிரத்திலிருந்து எட்டாயிரம் ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இது இருக்கிறது. பெண் குழந்தைகளுக்கு வருவதில்லை. ஆண் குழந்தைகளின் சிறுநீர்ப் பாதையை வெளிவழியில் அடைக்கும் பிறவிக் கோளாறுகளில் இதுவே முதன்மையானது.

குடும்பம் நிம்மதி அடைவதில் தவறில்லை. ஆனால் நூறாண்டு மருத்துவ அனுபவத்தைச் சேர்த்துவைத்துப் பார்த்தால், இந்த நோயிலேயே எளிதான வேலை அந்தச் சவ்வை வெட்டுவதுதான் என்று தெரிகிறது. சேதத்தின் ஒரு பங்கு குழந்தை பிறப்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. மறுபங்கு பள்ளிக்கூட வயதிலும் மீசை அரும்பும் வயதிலும், யாரும் அதை நினைத்துக்கொண்டிராத நேரத்தில் நடக்கிறது.

ஆண்களின் சிறுநீர்ப்புறவழி சிறுநீர்ப்பையின் கழுத்தில் தொடங்கி, புராஸ்டேட் சுரப்பியின் ஊடாக இறங்குகிறது. அந்த இடத்தில் குழாயின் பின்சுவரில் ஒரு சிறு மேடு உண்டு. விந்து நாளங்கள் வந்து திறப்பது அங்கேதான். பி.யு.வி. உள்ள குழந்தைகளில் அந்த மேட்டின் கீழிருந்து இரண்டு மெல்லிய மடிப்புகள் கிளம்பி, முன்பக்கம் போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நடுவில் மிஞ்சுவது ஒரு சிறு இடைவெளி. கீழிருந்து நுழைக்கும் டியூப் பெரும்பாலும் தடையில்லாமல் மேலே போய்விடும். மேலிருந்து இறங்கும் சிறுநீர்தான் அந்த மடிப்புகளைப் புடைக்கச் செய்து தன் வழியைத் தானே அடைத்துக்கொள்கிறது. டியூப் சுலபமாகப் போனதை வைத்து அடைப்பு இல்லை என்று முடிவு கட்டக் கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லித்தருவது இதனால்தான்.

பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்த ஹியூ ஹாம்ப்டன் யங் 1919-ல் தம் சகாக்களோடு எழுதிய கட்டுரைதான் இந்த நோய்க்கு முதன்முதலில் ஒழுங்கான வடிவம் கொடுத்தது. அதற்கு முன்பு பிணப் பரிசோதனைகளில் இதைப் பார்த்தவர்கள் உண்டு. உயிரோடிருக்கும் பிள்ளையிடம் கண்டறிந்து சிகிச்சை செய்யலாம் என்று காட்டியவர் யங். அவர் மடிப்புகளை மூன்று வகையாகப் பிரித்தார். இரண்டாம் வகை உண்மையில் அடைப்பே இல்லை என்று பின்னால் வந்தவர்கள் தள்ளிவிட்டார்கள். மற்ற இரண்டும்கூட வேறுவேறா என்ற கேள்வியை 1990-களில் பேடி டெவன் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர் கிளப்பினார். எல்லாக் குழந்தைகளுக்கும் இருப்பது குறுக்கே நிற்கும் ஒரே சவ்வுதான், டாக்டர்கள் நுழைக்கும் டியூப் அதை நடுவில் கிழித்துவிடுவதால்தான் இரண்டு மடிப்புகளாகத் தெரிகிறது என்பது அவர் வாதம். பாடநூல்கள் இன்றும் யங்கின் வகைப்பாட்டையே அச்சிடுகின்றன. சிகிச்சையைப் பொறுத்தவரை இந்தச் சர்ச்சையால் பெரிய வேறுபாடு இல்லை.

வேறுபாடு வருவது காலத்தில். கருவின் சிறுநீரகம் பத்தாவது வாரத்தை ஒட்டிச் சிறுநீரை உண்டாக்கத் தொடங்குகிறது. கர்ப்பத்தின் நடுப்பகுதிக்கு வரும்போது பனிக்குட நீர் என்பதே பெரும்பாலும் கருவின் சிறுநீர்தான். குழந்தை அதற்குள் மிதந்து, அதையே விழுங்கி, அதையே நுரையீரலுக்குள் இழுத்து வளர்கிறது. வழி அடைபட்டால் இரண்டு பக்கமும் இடி. பனிக்குட நீர் குறைந்து நுரையீரல் விரியாமல் சுருங்கிப்போகிறது. வெளியேற முடியாத சிறுநீர் பையின் தசையைத் தடிக்கவைத்து, சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் சிறுநீர் நாளங்களை வீங்கவைத்து, உருவாகிக்கொண்டிருக்கும் சிறுநீரகத்தைக் கோணலாக வளரவிடுகிறது. ஒரு மனிதனுக்கு வாழ்நாள் முழுக்க வேண்டிய நெஃப்ரான்கள், அதாவது சிறுநீரகத்தின் நுண் வடிகட்டிகள், அத்தனையும் கருவின் முப்பத்தாறாவது வாரத்துக்குள் உருவாகி முடிந்துவிடும். பிறகு புதிதாக ஒன்றுகூட முளைக்காது. பிறந்த பத்தாம் நாள் சவ்வை எடுக்கும் டாக்டரால் இந்தக் கணக்கைத் திருத்த முடியாது.

அப்படியென்றால் கருப்பைக்குள்ளேயே வைத்தியம் பார்த்தால் என்ன? கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ மருத்துவமனையில் மைக்கேல் ஹாரிசன் 1981-ல் இதைத்தான் செய்தார். தாயின் கருப்பையைத் திறந்து, கருவின் சிறுநீர் வெளியேற வழி செய்து, மறுபடியும் மூடினார். கரு அறுவைச் சிகிச்சை என்ற துறைக்கே அது தொடக்கம். சிகிச்சை நடந்தது, குழந்தை பிழைக்கவில்லை. நுரையீரல் வளரவேயில்லை. அதன் பிறகு கருப்பையைத் திறக்காமல், ஊசி வழியாக ஒரு சிறு குழாயைக் கருவின் சிறுநீர்ப்பைக்கும் பனிக்குடத்துக்கும் நடுவே பொருத்தும் முறை வந்தது.

அந்தக் குழாயால் பயனுண்டா என்று பார்க்கப் பிரிட்டன், அயர்லாந்து, நெதர்லாந்து நாடுகளில் 'புளூட்டோ' என்ற ஆய்வைத் தொடங்கினார்கள். நூற்றைம்பது கர்ப்பிணிகளைச் சேர்ப்பதாகத் திட்டம். சேர்ந்தவர்கள் முப்பத்தொருவர். பெற்றோருக்கும் டாக்டர்களுக்கும் ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்வு இருந்ததால், சீட்டுப் போட்டு முடிவெடுக்கச் சம்மதித்தவர்கள் குறைவு. 2013-ல் வெளியான முடிவின்படி, குழாய் பொருத்தப்பட்ட பதினாறில் எட்டுக் குழந்தைகளும், பொருத்தப்படாத பதினைந்தில் நான்கு குழந்தைகளும் பிறந்து இருபத்தெட்டு நாள் தாண்டின. குழாய் உயிரைக் காக்க உதவக்கூடும். நல்ல சிறுநீரகத்தோடு வளர்ந்தவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். நம்பிக்கையோடு தொடங்கி இவ்வளவு சங்கடமான விடையோடு முடிந்த ஆய்வுகள் குறைவு. கருவிலேயே எண்டாஸ்கோப் விட்டுச் சவ்வை உடைக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. அவை இன்னும் சில பெரிய மையங்களைத் தாண்டவில்லை.

ஐந்தாம் மாத ஸ்கேனில் "பேபிக்குக் கிட்னி வீங்கியிருக்கு" என்று கேட்டதும் பதறவும் வேண்டாம். அப்படித் தெரியும் வீக்கங்களில் பெரும்பாலானவை தானாகவே வடிந்துவிடும், பி.யு.வி. அவற்றில் சிறு பங்குதான். சந்தேகம் எழுவது வேறு அடையாளங்கள் சேரும்போது: இரண்டு சிறுநீரகமும் வீங்கியிருப்பது, சிறுநீர்ப்பை பெருத்துச் சுவர் தடித்திருப்பது, அதன் அடியில் சாவித்துவாரம் போன்ற ஒரு வால் தெரிவது, பனிக்குட நீர் குறைவது. இந்தியாவில் இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. கருவின் பாலினத்தைச் சொல்வதை 1994-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆண்களுக்கு மட்டுமே வரும் நோயின் பெயரைச் சொன்னால் பாலினத்தைச் சொன்னதாகவே ஆகும். அதனால் 'கீழ்ச் சிறுநீர்ப் பாதை அடைப்பு' என்ற பொதுப்பெயரில் ரிப்போர்ட் எழுதுவது நல்ல வழி. அந்தப் பொதுப்பெயருக்குப் பின்னால் எவ்வளவு அவசரம் இருக்கிறது என்பதைப் பெற்றோருக்கு எடுத்துச்சொல்வதும், பிரசவத்தைக் குழந்தை அறுவைச் சிகிச்சைப் பிரிவு இருக்கும் மருத்துவமனையில் வைத்துக்கொள்ளச் சொல்வதும் டாக்டரின் பொறுப்பு.

ஸ்கேனில் சிக்காமல் பிறந்துவிட்ட குழந்தைகளும் உண்டு. அவர்களைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் வீட்டுக் கண்கள்தான். குளிப்பாட்டும்போது சிறுநீர் வளைந்து பாய்ந்து எதிரே இருப்பவர் சேலையை நனைக்க வேண்டிய வயதில், சொட்டுச் சொட்டாக வடிகிறது. குழந்தை முகம் சிவக்க முக்குகிறது. தொப்புளுக்குக் கீழே கெட்டியாக ஒரு பந்து தட்டுப்படுகிறது. அது காலியாகாத சிறுநீர்ப்பை. "முன்தோல் ஒட்டியிருக்கு, எண்ணெய் போட்டுத் தள்ளிவிடு" என்று பாட்டிமார் சொல்லும் யோசனை இங்கே நாள்களைத் தின்றுவிடும். பச்சைக் குழந்தைக்கு முன்தோல் ஒட்டியிருப்பது இயல்பு. நீர்த்தாரை மெலிவதற்கு அது காரணமாவது அபூர்வம். இன்னொன்று: தாரை நன்றாகப் பாய்வதை மட்டும் வைத்து நோய் இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. தடித்துப்போன பை வேகமாகத் தள்ளினால் அடைப்பையும் மீறிச் சிறுநீர் பாயும். காரணம் தெரியாத காய்ச்சல், வாந்தி, எடை ஏறாமை என்று வரும் ஆண் குழந்தைக்குச் சிறுநீரைச் சோதித்துப் பார்ப்பது அதனால் அவசியம்.

மருத்துவமனைக்கு வந்ததும் முதல் வேலை அறுவைச் சிகிச்சை அல்ல. குழந்தைகளுக்குப் பால் புகட்டும் மெல்லிய ஃபீடிங் டியூபைச் சிறுநீர்ப்பைக்குள் விட்டுத் தேங்கியதை வடியவிடுகிறார்கள். பலூன் வைத்த ஃபோலி டியூபைத் தவிர்ப்பார்கள். இறுகிச் சுருங்கிய அந்தச் சின்னப் பைக்குள் பலூன் உப்பினால் சிறுநீர் நாளங்களின் வாயையே அடைத்துவிடக்கூடும். அடைப்பு விலகியதும் சில குழந்தைகள் குடம் குடமாகச் சிறுநீர் கழிக்கத் தொடங்குவார்கள். உப்பும் நீரும் அதோடு வெளியேறிவிடும் என்பதால், எவ்வளவு போனது என்று அளந்து அளந்து டிரிப்பில் ஈடுகட்ட வேண்டும். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்ப்பார்கள். பிறந்த முதல் நாள் எடுத்த அளவை வைத்து மகிழவோ கலங்கவோ முடியாது. அது தாயின் ரத்தத்திலிருந்து வந்த கிரியேட்டினின். இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் குழந்தையின் சொந்தக் கணக்கு தெரியும்.

நோயை உறுதிப்படுத்துவது எம்.சி.யு. என்ற எக்ஸ்ரே பரிசோதனை. இருட்டறையில், எக்ஸ்ரே மேசையில் குழந்தையைச் சாய்த்துப் படுக்கவைத்து, டியூப் வழியாக மருந்து கலந்த திரவத்தைப் பைக்குள் ஏற்றுகிறார்கள். பை நிரம்பியதும் குழந்தை சிறுநீர் கழிக்கிற நொடிக்காக எல்லோரும் காத்திருக்கிறார்கள். படம் எடுக்க வேண்டியது அந்த நொடியில்தான்; தவறினால் மறுபடியும் நிரப்ப வேண்டும். திரையில் பையின் கழுத்துக்குக் கீழே குழாய் பெருத்து, ஓரிடத்தில் சட்டென்று நூலாகச் சிறுக்கிறது. பையின் ஓரம் வழவழப்பாக இல்லாமல் மேடுபள்ளமாகத் தெரிகிறது. ஏறக்குறைய பாதிக் குழந்தைகளிடம் இன்னொன்றும் தெரியும்: திரவம் கீழே இறங்குவதற்குப் பதில் சிறுநீரகத்தை நோக்கி மேலே ஏறும்.

பிறகுதான் தியேட்டர். பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஹரால்ட் ஹாப்கின்ஸ் வடிவமைத்த கண்ணாடிக் கோல் லென்ஸ்கள் எண்டாஸ்கோப்பைப் பென்சிலைவிட மெல்லியதாக்கியிராவிட்டால் இந்தச் சிகிச்சை இவ்வளவு எளிதாகியிருக்காது. அந்த ஸ்கோப் வழியாகப் பார்த்துக்கொண்டே, நுண்கத்தியாலோ மின்சாரத்தாலோ சவ்வை இரண்டு மூன்று இடங்களில் வெட்டிவிடுகிறார்கள். முழுவதையும் வழித்தெடுக்கத் தேவையில்லை. ஆழமாக வெட்டினால் குழாய் பின்னாளில் சுருங்கிவிடும். குறைமாதத்தில் பிறந்து குழாய் மிகச் சிறுத்திருந்தால் அடிவயிற்றில் சிறுநீர்ப்பைக்கு ஒரு வாய் திறந்து டயப்பரில் வடியவிட்டு, வளர்ந்தபின் சவ்வை எடுப்பதுண்டு.

குழந்தை ஸ்கோப் எல்லா ஊரிலும் கிடைக்காது. கேரளத்தைச் சேர்ந்த குழந்தை அறுவைச் சிகிச்சை நிபுணர் மோகன் ஆபிரகாம் 1990-ல் அதற்கு ஒரு மாற்றை வெளியிட்டார்: ஸ்கோப்போ மின்சாரமோ தேவைப்படாத, சவ்வைக் கொக்கிபோல் பிடித்து அறுக்கும் உலோகக் கருவி. 'மோகன் வால்வோடோம்' என்ற அந்தக் கருவியை நைஜீரியா போன்ற நாடுகளின் மருத்துவமனைகளிலும் பயன்படுத்தியிருக்கிறார்கள். மேலை நாட்டுப் பாடநூல்கள் இதற்கு ஒரு வரிக்கு மேல் தருவதில்லை. வசதி குறைந்த இடங்களில் எத்தனையோ குழந்தைகளுக்கு உதவிய கருவிக்கு அது போதாது.

இனி, போன் போட்டுச் சொன்ன அந்த 'பயமில்லை'க்கு வருவோம்.

பின்லாந்தின் ஹெல்சிங்கியில் இந்த நோய்க்குச் சிகிச்சை பெற்ற 193 பேரை நீண்ட காலம் தொடர்ந்து பார்த்து 2011-ல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குச் சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்திருந்தது. அதைவிட முக்கியமான செய்தி, அப்படி இழந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு அது நடந்தது பதினேழு வயதுக்குப் பிறகு. குழந்தையாக இருந்தபோது தப்பித்தவர்கள் இளைஞர்களானபோது சிக்கிக்கொண்டார்கள்.

யாருக்கு ஆபத்து அதிகம் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்ல முடியும். முதல் பிறந்தநாளுக்குள் கிரியேட்டினின் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்பது நம்பகமான அடையாளம். டெசிலிட்டருக்கு 0.8 மில்லிகிராமுக்குக் கீழே வந்துவிட்டால் பெரும்பாலும் நல்லது, 1.2-க்கு மேல் நின்றுவிட்டால் பின்னால் டயாலிசிஸோ மாற்றுச் சிறுநீரகமோ தேவைப்படும் வாய்ப்பு அதிகம். முதல் வயதின் அந்த ஓர் எண்ணைப் பெற்றோர் தங்கள் ஃபைலில் பெரிதாக எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

இந்த ஆபத்துக்கு இரண்டு ஊற்றுகள். ஒன்று, கருவிலேயே குறைந்துபோன நெஃப்ரான்கள்; உடம்பு பெருக்கப் பெருக்க அவற்றின் மேல் பளு ஏறுகிறது. விடலைப் பருவத்தில் மளமளவென்று வளரும்போது அது தாங்காமல் போகிறது. மற்றொன்று சிறுநீர்ப்பை. அடைப்போடு மல்லுக்கட்டியே உருவான தசை, அடைப்பு போன பிறகும் பழைய குணத்தை விடுவதில்லை. இந்த நிலைக்கு 'வால்வ் பிளாடர்' என்று 1982-ல் பெயர் வைத்தவர் அமெரிக்க மருத்துவர் மைக்கேல் மிட்செல். அந்தப் பை வயதுக்கேற்ப முகம் மாற்றிக்கொள்கிறது என்பதை சுவீடனின் கோத்தன்பர்க் குழுவினர் பல ஆண்டு அளந்து காட்டினார்கள். குழந்தையில் துடித்துத் துடித்துச் சுருங்கும் பை, பதின்பருவத்தில் பெருத்துத் தளர்ந்து, நிரம்பியதே தெரியாமல் கிடக்கிறது. இதற்கிடையே, கெட்டுப்போன சிறுநீரகம் சிறுநீரைச் செறிவாக்க முடியாமல் நாள் முழுக்கத் தண்ணீராகக் கொட்டுகிறது. தளர்ந்த பை, கொட்டும் நீர், மேலேறும் அழுத்தம், மேலும் கெடும் சிறுநீரகம் என்று ஒரு சுழல்.

ஏழு வயதில் இரவில் படுக்கையை நனைக்கிறான், பகலில் டிரவுசரில் சொட்டுகிறது என்று திட்டு வாங்கும் பையன்களில் சிலருடைய கதை இது. அவர்களில் சிறுவயதில் சிகிச்சை முடிந்து செக்கப்புக்கு வராமல் நின்றுபோனவர்களும் உண்டு. அதுவரை நோய் இருப்பதே தெரியாதவர்களும் உண்டு. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாயம் போய்வருவது, போனபின் சில நிமிடம் கழித்து மறுபடியும் ஒருமுறை போவது, மலச்சிக்கலைத் தீர்ப்பது, பையைத் தளர்த்தும் மாத்திரை ஆகியவை முதல் கட்ட வைத்தியம். இவற்றில் முதலாவதைச் செய்ய வகுப்பாசிரியரின் அனுமதியும், உள்ளே நுழையக்கூடிய நிலையில் ஒரு பள்ளிக் கழிப்பறையும் வேண்டும். மருந்துச் சீட்டில் எழுத முடியாத மருந்து அது.

இந்த முதல் கட்ட வைத்தியம் போதாதபோது, சுத்தமான டியூபை நாளுக்குச் சில முறை விட்டுப் பையைக் காலிசெய்ய வேண்டியிருக்கும். மிச்சிகனின் ஜாக் லேப்பிடஸ் 1972-ல் சொன்ன முறை இது. கிருமிநீக்கம் செய்த உறைகளும் கையுறைகளும் கட்டாயமில்லை, கழுவிய கையும் சுத்தமான டியூபும் போதும் என்று அவர் சொன்னதைப் பலர் முதலில் நம்பவில்லை. நரம்புக் கோளாறுள்ள குழந்தைகளுக்கு இது வலிக்காது, பி.யு.வி. பையனுக்கு உணர்ச்சி முழுமையாக இருப்பதால் வலிக்கும், அவன் அடம்பிடிப்பான். அதற்காகவே குடல்வாலைச் சிறுநீர்ப்பைக்கும் தொப்புளுக்கும் நடுவே பாதையாக்கித் தரும் அறுவை முறை பயன்படுகிறது. பிரான்சின் ரூவான் நகரத்து மருத்துவர் பால் மித்ரோஃபனாஃப் 1980-ல் வெளியிட்ட முறை அது. தொப்புளில் சிறு துளை. சட்டையைத் தூக்கி, டியூபை விட்டு, காலிசெய்து, வகுப்புக்குத் திரும்பிவிடலாம். ஒஹையோவின் ஸ்டீஃபன் காஃப் குழுவினர் இரவு முழுக்கப் பையை டியூபில் வடியவிட்டே சிறுநீரக வீக்கம் குறைவதைக் காட்டினார்கள். தூங்கும் எட்டு மணி நேரத்தில்தான் அந்தப் பை அதிகம் அடிபடுகிறது.

கிருமித் தொற்றும் இந்தச் சிறுநீரகங்களுக்குப் பகை. பிரான்சில் 91 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், ஆன்ட்டிபயாட்டிக் மட்டும் பெற்றவர்களில் இரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 20 சதவீதத்தினருக்குக் காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று வந்தது. அதோடு முன்தோலையும் நீக்கியவர்களில் அது சுமார் 3 சதவீதம். இங்கே சுன்னத் என்பது மதத்தோடு சேர்த்துப் பார்க்கப்படுவதால், டாக்டர் இதைச் சொன்னதும் சில வீடுகளில் முகம் சுருங்கும். எண்களைக் காட்டி நிதானமாகப் பேசினால் பெரும்பாலோர் கேட்டுக்கொள்ளக்கூடிய யோசனைதான்.

ஏன் இந்தச் சவ்வு உருவாகிறது? தாய் சாப்பிட்டதோ சாப்பிடாததோ காரணம் இல்லை. இதை ஒவ்வொரு தாய்க்கும் தனியாக உட்காரவைத்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் முதல் பழி அவள்மேல்தான் விழுகிறது. பெரும்பாலும் குடும்பத்தில் வேறு யாருக்கும் இருப்பதில்லை. பிரிட்டனில் 2022-ல் வெளியான மரபணு ஆய்வு டி.பி.எக்ஸ்.5, பி.டி.கே.7 என்ற இரண்டு மரபணுக்களின் அருகே தொடர்பைக் கண்டது. அவை சவ்வு எப்படி உருவாகிறது என்பதற்குத் தடயம் தருகின்றன. பரிசோதனையாக வீட்டுக்கு வரும் நிலையில் இல்லை.

சிறுநீரகம் முற்றிலும் போய்விட்டால் மாற்றுச் சிறுநீரகம் இருக்கிறது. இந்தியாவில் அந்தச் சிகிச்சை 1971-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வெற்றிகரமாகத் தொடங்கியது. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தாயோ தந்தையோதான் கொடுக்கிறார்கள். ஆனால் பழைய பையை அப்படியே விட்டுவிட்டு அதன்மேல் புதிய சிறுநீரகத்தைப் பொருத்தினால், பழையது கெட்ட வழியிலேயே புதியதும் கெடும். பையைச் சரிப்படுத்திய பிறகு பொருத்தினால் மற்ற நோயாளிகளுக்குக் கிடைக்கும் பலன் இவர்களுக்கும் கிடைக்கிறது. இந்தப் பையன்கள் பின்னாளில் தகப்பனாக முடியுமா என்பது பெற்றோர் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கேள்வி. சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களில் பலர் தந்தையாகியிருக்கிறார்கள் என்றே கோத்தன்பர்க் குழுவின் நீண்டகாலக் கணக்கு சொல்கிறது.

தொடர் கவனிப்பில் இங்குள்ள பெரிய ஓட்டை பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதுக்குள் இருக்கிறது. குழந்தைகள் மருத்துவமனை வயது வரம்பைக் காட்டி அனுப்பிவிடுகிறது. பெரியவர்களின் யூராலஜி ஓ.பி.யில் கல்லடைப்புக்காரர்களுக்கும் புராஸ்டேட் தாத்தாக்களுக்கும் நடுவே அந்தப் பையன் வரிசையில் நிற்கிறான். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, கிரிக்கெட் விளையாடுகிறான். எதற்கு வந்தான் என்று அவனுக்கே தெரியாது. அவன் கையில் இருக்க வேண்டியவை: வால்வ் எடுத்த நாளின் டிஸ்சார்ஜ் சம்மரி, முதல் வயதின் கிரியேட்டினின், முதல் எம்.சி.யு. படம், கடைசியாக எடுத்த ஸ்கேன். ஆண்டுக்கு ஒருமுறை ரத்த அழுத்தம், கிரியேட்டினின், சிறுநீரில் புரதம், சிறுநீர் கழித்தபின் பையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்ற ஸ்கேன் அளவு ஆகிய நான்கையும் பார்த்தாக வேண்டும். எல்லாம் மாவட்டத் தலைமை மருத்துவமனை அளவிலேயே செய்யக்கூடியவை.